எங்கள் ஐந்து கிலோ

"இது அஞ்சு இல்ல சேர். நாலு."

கோகிலா மண் பையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு சொன்னாள். தகரக் கூரையில் மழை ஓய்ந்து, மிச்சச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. வகுப்பு முழுக்க ஈர மண் வாசம். மேசைமேல் நஸீர் நானாவின் கடைத் தராசு. அதன் வட்ட முகத்தில் முள் ஐந்தில் நின்றதைப் பதினேழு பிள்ளைகளும் சற்று முன்புதான் பார்த்திருந்தார்கள்.

"முள்ளு எங்க நின்னுச்சு?" என்றேன்.

"அஞ்சுல."

"அப்ப தராசு பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லல சேர்." பையை மறுபடி ஒரு தடவை மேலே தூக்கி, இறக்கி, கண்ணை மூடிப் பார்த்தாள். "ஆனா இது நாலுதான்."

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

"தராசைவிடப் பெரிய ஆளு. கிலோ தெரியல, வாயி மட்டும் தெரியுது. போய் உக்காரு."

அவள் பையை மேசையில் மெதுவாக வைத்தாள், தூங்குகிற பிள்ளையை இறக்கி வைப்பதுபோல. போய் உட்கார்ந்தாள். பத்து வயது, தரம் ஐந்து. இடைவேளை மணி அடித்து முடிவதற்குள் அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று: தராசு.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அவள் வரவில்லை.

ஒரு பிள்ளை ஒரு கிலோ பிழையாகச் சொன்னதற்கு அவ்வளவு கோபம் ஏன் என்று இப்போது கேட்டால், அந்த நாட்களில் நான் தினமும் எங்கே நின்று எதைப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முனிக்கு முன்னால்

எங்கள் பள்ளிக்கூடம் மஸ்கெலியாவுக்கு மேலே, இரண்டு மலைகளின் இடுக்கில் இருக்கிறது. மேகம் வரும். அட்டை வரும். சிக்னல் மட்டும் வராது.

சிக்னல் வேண்டுமானால் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ரோதைமுனி கோயில் வளைவு வரைக்கும் ஏற வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களில் யார் கையும் அகப்படாமல் காக்கிற சாமி அது. அந்த முனியின் சூலத்துக்கு முன்னால் மூன்றடி நிலத்தில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் நிற்கும். நாலாவது அடி வைத்தால் உலகம் அறுந்துவிடும்.

ஒன்றரைக்குப் பள்ளி விடும். பஸ் இரண்டரைக்கு. இடையில் உள்ள ஒரு மணி நேரமும் நான் அந்த மூன்றடியில் நிற்பேன், கையில் போன், தலை குனிந்தபடி. மலையிலிருந்து இறங்குகிற பெண்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். "சேருக்கு இப்ப பக்தி முத்திப்போச்சு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. வணங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

வணங்கியது ஆசிரியர்களின் வலைப்பூக்களை.

மூன்று தரத்தை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பின்னம் கற்பிப்பது எப்படி என்று தேடப்போய் அகப்பட்டது அது. எங்கோ ஒரு பனி தேசத்தில் ஒருத்தி, தன் வகுப்பில் ஒரு பிள்ளை ஏன் ஏழுக்குப் பிறகு ஒன்பது என்று எண்ணுகிறது என மூன்று பக்கம் எழுதியிருந்தாள். ஒரு பிள்ளை. ஒரு பிழை. அதற்கு மூன்று பக்கமா? நாங்கள் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துவிட்டு அடுத்த கொப்பிக்குப் போகிறவர்கள். அன்றைக்கு மழை என் கழுத்துக்குள் இறங்கியதுகூடத் தெரியாமல் நின்றேன். யாரோ ஒரு மலையடிவாரத்துக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த ஆயிரம் வகுப்பறைகளின் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்ததுபோல இருந்தது.

அப்புறம் திறந்த கதவையெல்லாம் தட்டினேன். அகராதி இல்லாமல் புரியாத இங்கிலீஷ், அகராதி இருந்தும் புரியாத கணிதம், எதையும் விடவில்லை. சில வலைப்பூக்கள் ஆளில்லாத லயத்துக் காம்பிராக்கள், தோட்டத்து வரிசை வீட்டு அறைகள் மாதிரி இருக்கும். கடைசிப் பதிவில் "மீதியை நாளை எழுதுகிறேன்" என்று இருக்கும். அந்த நாளைக்குப் பல வருஷம் ஆகியிருக்கும். பின்னம் பற்றிய அற்புதமான பதிவு ஒன்றின் கீழே நிறையப் பின்னூட்டங்கள் என்று ஆவலோடு இறங்கிப் போனால், அங்கே ஒருவர் முடி வளரும் எண்ணெய் விற்றுக்கொண்டிருப்பார். எனக்குத் தேவையான பொருள்தான். ஆனாலும் வருத்தமாக இருந்தது.

இந்தத் தொடரில் இரண்டு வாரத்துக்கு முன் அட்டைக்கடி பற்றி எழுதியபோது ஒரு வாசகி கேட்டிருந்தார், நான் எங்கே எழுதப் பழகினேன் என்று. உண்மையைச் சொல்கிறேன். கவிதைப் புத்தகம் போட்டதெல்லாம் பிறகு. எழுதப் பழகியது பிறர் வலைப்பூவின் அடியில் உள்ள சின்னப் பெட்டியில், கட்டை விரலால், மழையில்.

முதல் பின்னூட்டம் ஒரே சொல்: நன்றி. அதை அனுப்ப இரண்டு நாள் யோசித்தேன். எங்கே கற்பிக்கிறீர்கள் என்று திரும்பக் கேட்டார்கள். "சில நாள் மேகம் வகுப்பறைக்குள் வந்து கரும்பலகையை அழித்துவிடும். அது போகும்வரை பிள்ளைகள் பாடுவார்கள்" என்று எழுதினேன். கண் முன் இல்லாத மனிதர்கள் ஐந்து பேர் பதில் போட்டார்கள். அன்று நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

உப்பளத்து டீச்சர்

அப்படி அலைந்ததில் கிடைத்ததுதான் 'நாலாம் பாடவேளை'. தமிழில் எழுதப்படுகிற வலைப்பூ. எழுதுகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கரையோரப் பள்ளியில் கற்பிக்கிறார் என்பதும், அவருடைய பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்பதும் தவிர இன்று வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. பெயர் போடமாட்டார். 'உப்பளத்து டீச்சர்' என்றே கையெழுத்து.

அவர் எழுத்தில் அலங்காரம் இருக்காது. வெயிலில் காய்ந்த வாக்கியங்கள். ஒருநாள் எடையைப் பற்றி எழுதியிருந்தார். பிள்ளைகள் கிராமையும் கிலோவையும் அழகாக எழுதுகிறார்கள், மாற்றிக் கணக்குச் செய்கிறார்கள், ஒரு பையைக் கையில் கொடுத்து எத்தனை கிலோ என்றால் விழிக்கிறார்கள், உங்கள் ஊரில் எப்படி என்று முடித்திருந்தார்.

எங்கள் ஊரிலா? எனக்குக் கட்டை விரல் துடித்தது.

"எங்கள் மலையில் பிள்ளைகளுக்கு எடை கற்பிக்கத் தேவையில்லை டீச்சர். கொழுந்துக் கூடையின் நிழலில் நடை பழகியவர்கள் அவர்கள். கையில் கொடுத்தால் கிலோ சொல்வார்கள். தராசு அவர்கள் தோளிலேயே இருக்கிறது."

அனுப்பிவிட்டு நானே நாலு தடவை படித்தேன். கீழே "அருமை", "கண் கலங்கிவிட்டது" என்று வந்து விழுந்தன. மறுநாள் டீச்சரின் பதில் இருந்தது.

"அழகாக எழுதுகிறீர்கள். செய்து பார்த்தீர்களா?"

முனி என்னைப் பார்த்தது. நான் முனியைப் பார்த்தேன்.

நானாவின் தராசு

மஸ்கெலியா டவுனில் நஸீர் நானா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நான் தராசைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"என்ன சேர், இஸ்கோல்ல கடை போடப் போறீங்களா?"

"பாடத்துக்கு நானா. ஒரே ஒரு நாள்."

"இத குடுத்துட்டு நான் பருப்ப கண்ணாலயா நிறுக்கிற?" கொஞ்ச நேரம் தராசைத் தடவிக்கொண்டே இருந்தார். "வெள்ளிக்கிழம கொண்டு போங்க. காலைல சின்னத வெச்சு சமாளிக்கிறன். பகல் தொழுகைக்கு எப்படியும் மூடுவன். பொறகு தொறக்க முந்தி சாமான் இங்க இருக்கணும். முள்ளு ஆடிச்சுன்னா ஒங்களத்தான் தட்டுல ஏத்துவன்."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டுக்குட்டி போலக் கனத்தது.

வேலை சுலபமானது. ஆளுக்கொரு பை. தோட்டத்து மண்ணைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். கை எப்போது "ஐந்து கிலோ" என்று சொல்கிறதோ அப்போது நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் தராசு. பிள்ளைகள் திருவிழா மாதிரி அள்ளினார்கள். நான் மனதுக்குள் பின்னூட்டத்தை எழுத ஆரம்பித்திருந்தேன்.

முதல் பை, ஆறு கிலோ. இரண்டாவது, ஆறு. மூன்றாவது, ஆறுக்கு ஒரு மயிரிழை குறைவு. பிறகு ஆறேகால். பிறகு மறுபடியும் ஆறு. ஒரு பையாவது ஐந்தில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. தோளில் தராசு உள்ள என் பிள்ளைகள் வரிசையாக வந்து என் கவிதையை மண்ணில் புதைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் ஒரு பையிலிருந்து மண்ணை அள்ளி வெளியே போட்டு, முள்ளைச் சரியாக ஐந்துக்குக் கொண்டுவந்தேன். "இதுதான் அஞ்சு கிலோ. எல்லாரும் தூக்கிப் பாருங்க" என்று கையோடு கையாக அனுப்பினேன். தூக்கிப் பார்த்தவர்களெல்லாம் தலையாட்டினார்கள். சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தலையாட்டல், எனக்குத் தெரியாததா. பை கோகிலாவிடம் வந்தது. அவள் மட்டும் ஆட்டவில்லை.

மீதியை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஒரே பக்கமாக

திங்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவள் உட்காரும் வாங்கில் வேறொரு பிள்ளை புத்தகப் பையை வைத்திருந்தது. எங்கள் பள்ளியில் ஒரு வாரம் வராத பிள்ளையை இரண்டாவது வாரம் அழைக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வாரம் அதற்கு வீட்டில் ஒரு வேலை கிடைத்திருக்கும். அப்படிப் போனவர்களின் பெயர்கள் என் பழைய வரவு இடாப்புகளில் இருக்கின்றன. அந்த வரிசையில் இவளை நானே என் வாயால் நிறுத்திவிட்டேனோ என்று அந்தப் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று முனிக்கு முன்னால் நின்று எழுதினேன். இந்தத் தடவை கவிதை வரவில்லை.

"டீச்சர், செய்து பார்த்தேன். தோற்றுப்போனோம். எல்லாரும் ஆறு கிலோவை நிரப்பிவிட்டு ஐந்து என்கிறார்கள். ஒரு பிள்ளை ஐந்தைத் தூக்கிவிட்டு நாலு என்று பிடிவாதம் பிடித்தது. எல்லார் முன்னாலும் கடிந்துவிட்டேன். அது இப்போது பள்ளிக்கு வருவதில்லை."

பஸ் வரும் நேரம். போனைச் சட்டைப் பையில் போடப் போனபோது பதில் வந்தது. அவரும் அந்தக் கரையில் எங்கோ போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"தெரியாத பிள்ளைகளாக இருந்தால் ஒன்று மூன்று கிலோ நிரப்பும், ஒன்று எட்டு நிரப்பும். சிதறிப்போகும். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தவறியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் அதே ஒரு கிலோதான் தவறியிருக்கிறது. அவர்களுக்கு ஏதோ ஒன்று மிக நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்தக் கிலோவை அவர்கள் எங்கே கற்றார்கள்?"

இரண்டு தடவை வாசித்தேன். தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டிராத ஒரு பெண். அவர் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலை நீட்டி, என் மலையில், என் முதுகுக்குப் பின்னால் இருந்த ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். வளைவுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் தகரக் கூரை நனைந்து மின்னிக்கொண்டிருந்தது.

பஸ் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் கீழே இறங்கினேன்.

மடுவத்தில்

மடுவத்து ஓரத்தில் காத்திருந்தேன். மேகம் இரண்டு தடவை வந்து போனது. சாயங்கால நிறுவைக்குப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் தண்ணீர் சொட்டியது. மேலே கொக்கியில் தொங்குகிற வட்டத் தராசு. அதற்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நின்றவர் முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்.

"சேர் இங்க எங்க? முனிய விட்டுட்டு?" என்றது ஒரு குரல். கோகிலாவின் அம்மா புஷ்பம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புஷ்பத்துக்குப் பின்னால் ஒரு பாவாடை நுனி ஒளிந்தது.

ஒரு பெண்ணின் கொழுந்துச் சாக்கு கொக்கியில் ஏறியது. முள் பதினொன்றில் நின்றது.

"பத்து" என்றது குரல்.

அடுத்த சாக்கு. முள் எட்டில்.

"ஏழு."

அந்தப் பெண் சாக்கை இறக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒரு கிலோ. தினமும் நடப்பது. எனக்கும் தெரிந்ததுதான். இந்தத் தொடரில் என் அம்மாவின் தோள் தழும்பைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். அந்தத் தோளில் ஏறியது எவ்வளவு, புத்தகத்தில் ஏறியது எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடித்த கை அதை மறந்துவிட்டது.

புஷ்பத்தின் முறை வந்தது. கோகிலா வேறு வழியில்லாமல் வெளியே வந்தாள். சாக்கைக் குனிந்து எடுத்தாள். முழங்காலால் ஓர் உந்து, தோளால் ஓர் உந்து, கொக்கி. அந்த உந்துக்கு இடையில், சாக்கு அவள் கையில் மட்டும் இருந்த ஒரு கணத்தில், அவள் உதடு அசைந்தது. சத்தமில்லாமல், அஞ்சு.

முள் ஆறில் நின்றது.

"அஞ்சு" என்றது குரல்.

முள் ஆடி நிற்பதற்கு முன்பே, அந்தப் பிள்ளை தூக்கி, நிறுத்து, கழித்து, விடையும் சொல்லிவிட்டாள். இந்தக் கையைத்தான் நான் கிலோ தெரியாத கை என்றேன்.

லயத்துக்குப் போகிற படியில் மூவரும் இறங்கினோம். கோகிலா இரண்டு படி முன்னால்.

"ஏன் புஷ்பம் பிள்ளைய அனுப்பல?"

"திங்கக்கிழம தலவலின்னா. நேத்து வயித்து வலி. இன்னிக்கு என்ன வலின்னு நான் கேக்கல சேர்." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னாள். "கிலோ தெரியாதவன்னு சொன்னீங்களாமே. எனக்குத் தோளு எறங்கிப்போயி ஒரு வருஷமாச்சு. அவதான் தெனமும் கொக்கில மாட்டுறா. அவளுக்கா தெரியாது? நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே சேர். மறந்துபோச்சா?"

முன்னால் போன பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"கோகிலா, முள்ளு ஆறுலதானே நின்னுச்சு? நீ ஏன் அஞ்சுன்ன?"

"அஞ்சுதானே சேர்."

"ஒரு கிலோ கழிக்கிறாங்களே, அது தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப கழிக்கிறதுக்கு முன்னாடி எத்தன கிலோ?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். இந்த மனுசனுக்கு எப்படி வேலை கொடுத்தார்கள் என்கிற பார்வை.

"கிலோன்னாலே கழிச்சதுதானே சேர்."

எத்தனையோ வலைப்பூக் கதவுகளைத் தட்டி, எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தப் படியில் நின்று அந்தப் பிள்ளை சொன்ன வாக்கியத்துக்கு முன்னால் எல்லாம் சற்று ஒதுங்கி நின்றன.

"வெள்ளிக்கிழம நான் சொன்னது பிழை" என்றேன். "அத இங்க சொன்னா பத்தாது. வகுப்புலதான் சொன்னேன், வகுப்புலதான் திருப்பி எடுக்கணும். நாளைக்கு வா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "தராசுன்னு கூப்புடுவாங்க."

"கூப்புடட்டும்" என்றாள் புஷ்பம். "தராசு இல்லாம மடுவம் நடக்குமா?"

பெட்டியில் அவள் கேள்வி

மறுநாள் முதல் பாடவேளையில் கோகிலா வரவில்லை. நான் வாசலையே பார்த்துப் பார்த்து இரண்டு தடவை தப்பாக எழுதினேன். இரண்டாவது பாடவேளையில் வாசலில் நிழல் விழுந்தது.

கரும்பலகையில் ஆறு, அதிலிருந்து ஒன்று, மீதி ஐந்து என்று எழுதினேன். "வெள்ளிக்கிழம முள்ளு சொன்னதும் சரி, கோகிலா சொன்னதும் சரி. எந்தக் கிலோன்னு சொல்லாம கேட்டவன் நான். பிழை என்னோடது" என்றேன். ஓர் ஆசிரியர் இதைச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலும்.

பிறகு அவர்களே பேசத் தொடங்கினார்கள். மலைக் கிலோ என்றும் கடைக் கிலோ என்றும் இரண்டு இருப்பது முதல் தடவையாக அவர்களுக்குப் பட்டது. கையில் இருந்ததற்கு அன்றுதான் பெயர் கிடைத்தது. மலையில் ஐந்து என்றால் ஆறு போகிறது, நஸீர் நானாவிடம் ஐந்து என்றால் ஐந்துதான் வருகிறது. "அது தண்ணிக்கு" என்றது ஒரு பிள்ளை. "வெயில் நாள்லயும் கழிக்கிறாங்களே" என்றாள் கோகிலா. அவள் குரல் கேட்டு ஆறு நாள் ஆகியிருந்தது.

இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார்கள். நான் கண்டுபிடிக்கவில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் கேட்ட கேள்வி என்று சொன்னேன். உப்பளம் என்றால் என்ன என்றும் சொன்னேன். கோகிலா யோசித்தாள்.

"அந்த டீச்சர் ஊருல எத்தன கழிப்பாங்க சேர்?"

அன்று முனி வளைவில் நின்று அந்தக் கேள்வியை அவள் சொன்ன சொல்லிலேயே டீச்சரின் பின்னூட்டப் பெட்டியில் போட்டேன். என் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. கீழே அவள் பெயரை மட்டும் போட்டேன்.

ஒரு நாள், இரண்டு நாள், பதில் இல்லை. அதற்கு முன் டீச்சர் இத்தனை நாள் எடுத்ததில்லை. அடுத்த வாரம்தான் பதில் வந்தது. சிக்னல் பள்ளிக்கு வராது என்பதால் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கோகிலாவிடம் கொடுத்தேன்.

"கோகிலா, பதினொரு வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். உப்பு நிறுக்கிற இடத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குப் போகிறேன்."

அவள் உதட்டை அசைத்து அசைத்து வாசித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்து வாசித்தாள்.

"போனா ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க சேர்" என்றாள். "முள்ளையும் பாக்கணும். சொல்றவரு வாயையும் பாக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டு, பள்ளி விட்டதும், மறுபடி தலைகுனிந்து நிற்பதற்காக நான் முனி வளைவுக்கு ஏறினேன்.